உப்புத்தண்ணீர் கிடைத்தவனின் மஜ்ஜை

தராசைக் கண்டால் முதலில் தட்டைத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பது என் வழக்கம். எடையளவு ஆய்வாளராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தட்டுக்கு அடியில் ஒட்டிய புளி, கம்பிக்குப் பின்னால் மறைத்த காந்தம், வயிற்றைக் குடைந்து ஈயத்தை எடுத்துவிட்ட படிக்கல் என்று காந்தி மார்க்கெட்டில் நான் பார்க்காத திருட்டு இல்லை. எலக்ட்ரானிக் தராசு வந்தபோது, "இனிமே உங்களுக்கு வேலையே இல்லைங்க மேடம்" என்று ஒரு வெங்காய மண்டிக்காரர் சிரித்தார். அவர் தராசின் வயிற்றுக்குள் இருந்த ரிமோட் சமாச்சாரத்தை நான் வெளியே எடுத்துக் காட்டியபோதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை, தாலி கழுத்தில் ஏறிய கையோடு அதை உரைத்துப் பார்த்தவள் இவள் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அது பொய். மறுநாள்தான் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் திருச்சியில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. மனிதர்களை வைத்து எந்த ஆராய்ச்சி செய்தாலும் அதற்கு நெறிமுறைக் குழு என்று ஒன்று அனுமதி கொடுக்க வேண்டுமாம். அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் உட்கார்ந்தால் செல்லாதாம். வைத்தியம் படிக்காத சாதாரண ஆள் ஒருவரும் இருந்தாக வேண்டுமாம். அந்தச் சாதாரண ஆளாக நான் வருவேனா என்று கேட்டிருந்தார்கள்.

சோழியன் குடுமி சும்மா ஆடாது. கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது, அதற்கு ஓய்வு பெற்ற ஒரு பொம்பளைதான் தோது என்று நினைத்திருப்பார்கள். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். அதனாலேயே சரி என்று பதில் எழுதினேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். குளிரூட்டிய அறை, நீள மேஜை, ஆளுக்கொரு தடித்த ஃபைல், ஒரு தட்டு முந்திரி பக்கோடா. பக்கோடா அருமையாக இருந்தது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மார்க்கெட்டில் எந்தக் கடைக்காரர் எனக்குக் காபி சொல்கிறாரோ அவர் தராசை இரண்டு முறை பார்ப்பேன். தலைவர் ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். பைபிள் வாசிப்பதைப் போல ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசிக்கிற மனிதர். அவரை மட்டும் முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது.

அந்த ஜனவரிக் கூட்டத்தில்தான் ஸ்டெம் செல் ஆராய்ச்சி வந்தது. எடுத்துச் சொன்னவர் ஓர் இளம் பெண் டாக்டர். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவு போனவர்களுக்கான ஆராய்ச்சி. அடிபட்டு ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் சேர்க்க முடியாது. சேருகிற எல்லோருக்கும் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுப்பார்கள். அதை ஒரு கம்பெனியின் லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, வளர்த்து, பெருக்கித் திருப்பி அனுப்புவார்கள். பாதிப் பேருக்கு முதுகில் அந்தச் செல் ஏறும். மீதிப் பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போடுகிறவருக்கும் தெரியாது. அப்படி ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா, மனசு வேலை செய்கிறதா என்று தெரியும் என்றார் டாக்டர். அது எனக்குப் புரிந்தது. படிக்கல்லைச் சோதிக்க எங்களிடமும் ஒரு மூலக்கல் உண்டு.

நோயாளிக்கு எல்லாம் இலவசம், பஸ் செலவு உட்பட. பணத்தில் ஒரு பங்கு அரசாங்கத்துடையது. மற்றதெல்லாம் அந்தக் கம்பெனி.

"கம்பெனிக்கு இதுல என்னங்க கிடைக்குது?" என்று கேட்டேன்.

"ஆராய்ச்சி வெற்றியானா அவங்க லைசென்ஸ் வாங்குவாங்க மேடம். மருந்தா விப்பாங்க."

"அது சரி, வியாபாரம். அதை நான் குத்தம் சொல்லல. உப்புத்தண்ணி போடப் போறீங்கள்ல, அந்தப் பாதிப் பேருகிட்டயும் மஜ்ஜை எடுக்குறீங்க. அவங்களுக்கு அதைத் திருப்பிக் குடுக்கப் போறதில்ல. அது எங்க போகுது?"

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் பக்கோடா தின்பதை நிறுத்தினார்கள்.

"அது... ஸ்டோரேஜ்ல இருக்கும்னு நினைக்கிறேன் மேடம்."

"யாரோட ஸ்டோரேஜ்? எத்தனை நாளைக்கு? அதுலேர்ந்து அவங்க வேற ஏதாவது செஞ்சு வித்தா, குடுத்தவருகிட்ட சொல்வாங்களா?"

தலைவர் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்ல கேள்வி. கம்பெனிகிட்டேர்ந்து எழுத்துல பதில் வாங்கிட்டு வாங்கம்மா. ஏப்ரல்ல பார்ப்போம்" என்று டாக்டரிடம் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். தட்டைத் தூக்கியதும் புளி கையில் ஒட்டிய சந்தோஷம்.

நோயாளி படித்துக் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவத்தின் தமிழையும் சரிசெய்யும்படி சொன்னார்கள். "நீங்கள் சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்று அதில் இருந்தது. படித்தவர்களுக்கே தலை சுற்றும். நானும் டாக்டரும் அவர் அறையில் உட்கார்ந்து வரிவரியாக மாற்றினோம். குலுக்கல் என்று எழுதலாம் என்றேன். லாட்டரி போல இருக்கிறது, ஆட்கள் பயப்படுவார்கள் என்றார் அவர். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது போல, உங்களுக்கு எந்த ஊசி என்பது மனிதர் கையில் இல்லாமல் முடிவாகும்" என்று எழுதினேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வதைத் தெரியாதவர் இந்தப் பக்கத்தில் யார்? டாக்டருக்கும் பிடித்துப் போனது. அந்த வரியை நினைத்துப் பல நாள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பிப்ரவரி நடுவில் என் தம்பி விழுந்தான்.

தொட்டியத்தில் அவனுக்கு வாழைத்தோட்டம். தார் ஏற்றிய டிராக்டரில், தாருக்கு மேலே உட்கார்ந்து வந்திருக்கிறான். வாய்க்கால் மதகு ஏறும்போது டிரெய்லர் சாய்ந்தது. தார்களோடு சேர்ந்து அவனும் விழுந்தான். மதகுக் கல் ஒன்று அவன் முதுகுக்குக் கீழே இருந்தது. ஐம்பத்திரண்டு வயது, ஒரு நாளும் காய்ச்சல் என்று படுக்காதவன். தொடையில் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது யார் காலோ மாதிரி இருக்கு" என்றான். நான் வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அழுதேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரமே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டைப்பையில் மூன்று பேனா, கையில் வழவழப்பான நோட்டீஸ். வெளியூரில் ஒரு கிளினிக், ஐந்தே ஸ்டெம் செல் ஊசி, ஆறாம் மாதம் நடந்துவிடுவார், தோட்டத்தில் ஒரு பகுதியை எழுதி வைத்தால் போதும் என்றார். தம்பி மனைவி காபி போட எழுந்தாள். நான் வந்தவரை உட்காரச் சொன்னேன். அந்த ஆளை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். இந்த ஊசிக்கு அனுமதி எங்கே? ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாதே, வைத்தியம் என்றால் இது இன்னும் வைத்தியமாக நிரூபணம் ஆகவில்லையே, நீங்கள் இரண்டில் எது? நோட்டீஸில் நடந்துகொண்டிருக்கிற இந்த ஆள் எந்த ஊர், போன் நம்பர் கொடுங்கள், பேசிப் பார்க்கிறேன். அவர் காபியை முடிக்காமலே கிளம்பிவிட்டார். தம்பி படுக்கையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "பாவம்க்கா, அந்தாளுக்கு வேர்த்துப் போச்சு" என்று சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்றிரவு பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். பிப்ரவரி நடுவிலிருந்து ஆறு மாதம் என்றால் ஆகஸ்ட் நடு. நான் திருப்பி அனுப்பிய ஆராய்ச்சி ஏப்ரலில் பாஸானால், மற்ற அனுமதிகள் எல்லாம் வாங்கி, ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆள் சேர்ப்பார்கள். தம்பிக்கு இடம் இருக்கும். ஏப்ரலிலும் திரும்பிப் போனால் அவனுக்கு இல்லை.

தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும்.

ஏப்ரல் கூட்டத்துக்கு முன்பு தலைவரைக் கூப்பிட்டு, என் தம்பிக்கு இப்படி ஆகிவிட்டது, அந்த ஆஸ்பத்திரியில்தான் பிசியோதெரபிக்கு வருகிறான், ஆராய்ச்சிக்குக் கூப்பிட வாய்ப்பு உண்டு என்று சொல்லிவிட்டேன். "அந்த விஷயம் வர்றப்ப நீங்க வெளியில உக்காந்துக்கணும்மா. அதான் விதி" என்றார். வருத்தமும் தெரிவித்தார்.

கூட்டத்துக்கு முதல் நாள் ஃபைல் வந்தது. ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். திருத்திய படிவம் இருந்தது. இன்சூரன்ஸ் தாள் இருந்தது. கம்பெனியின் கடிதம் இல்லை. உப்புத்தண்ணீர் கிடைத்தவனின் மஜ்ஜை எங்கே போகும் என்ற கேள்விக்கு ஒரு வரிப் பதில்கூட அந்த ஃபைலில் இல்லை.

இதை மறைக்காமல் எழுத வேண்டும். விதி என்னை முடிவெடுக்கத்தான் தடுத்தது. ஒரு துண்டுத்தாளில் 'கம்பெனி கடிதம் எங்கே?' என்று எழுதித் தலைவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போவதை எந்த விதியும் தடுக்கவில்லை. என் பையில் பேனா இருந்தது, தாள் இருந்தது. நான் எழுதவில்லை. விஷயம் வந்ததும் எழுந்தேன், "என் தம்பி சம்பந்தப்பட்டது, நான் வெளியில இருக்கேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். இரண்டு டாக்டர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள். நேர்மையான பொம்பளை என்று நினைத்திருப்பார்கள்.

நடையில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாராவது கேட்பார்களா என்று காது கொடுத்தேன். யாரும் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கதவு திறந்து டாக்டர் வந்தார், முகம் மலர்ந்திருந்தது. "பாஸாயிடுச்சு மேடம். கம்பெனி லெட்டர் மட்டும் பின்னால குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க."

பின்னால் கொடுக்கிறேன். மார்க்கெட்டில் இந்த வார்த்தையை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! முத்திரை பின்னால் போட்டுக்கொள்கிறேன், இப்போதைக்கு வியாபாரம் நடக்கட்டும். அப்படிச் சொன்னவர்களின் தராசைப் பூட்டி எடுத்துப் போனவள் நான். அன்றைக்கு டாக்டரிடம், "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலைக் கூட்டத்திலும் கடிதம் வந்திருக்கவில்லை. அந்தக் கூட்டத்திலும் நான் வாயைத் திறக்கவில்லை. பக்கோடா இரண்டு கூடுதலாகத் தின்றேன்.

ஆகஸ்ட் முதல் வாரம், பிசியோதெரபிக்குப் போன தம்பியிடம் ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவத்தைக் கொடுத்து, படித்துப் பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள். நான் எதுவும் பேசவில்லை. பேசினால் என் வாக்கு அவனைத் தள்ளியதாகும் என்று எனக்கே ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஆடிப்பெருக்கன்று எங்கள் சந்துக்கு வெளியே அம்மா மண்டபத்துக்குப் போகும் கூட்டம், நடக்க இடமில்லை. கூட்டம் வடிந்து இரண்டு நாள் கழித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் பிடித்தேன். முசிறி தாண்டும்வரை நின்றுகொண்டே போனேன். ஆறு மாதக் கெடுவுக்கு ஒன்பது நாள் பாக்கி.

கூடத்து ஜன்னல் ஓரம், தோட்டம் தெரிகிற மாதிரி அவன் கட்டிலைப் போட்டிருந்தார்கள். படிவம் டி.வி.க்குப் பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. உத்தரவு வரல."

"யாரு உத்தரவு?"

தம்பி மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பார்த்தோம் அண்ணி. நந்தியாவட்டை வந்தா போறது, செவ்வரளி வந்தா வேணாம்னு நினைச்சுக்கிட்டோம். செவ்வரளி வந்துடுச்சு."

"யாரு உங்களைப் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னது?"

"பேப்பர்லயே போட்டிருக்கேக்கா" என்றான் தம்பி. படிவத்தை எடுத்து நீட்டினான். மனிதர் கையில் இல்லாமல் முடிவாகும் என்ற வரியின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தான். ஆஸ்பத்திரிக்காரர்களே சாமியைக் கேட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள், நல்ல ஆட்கள்தான் என்று இருவரும் பேசிக்கொண்டார்களாம்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அது 'அந்த மாதிரி'ன்னு சொன்னதுடா. எந்த ஊசின்னு கம்ப்யூட்டர் எடுக்கும், அதைப் புரிய வைக்க எழுதினது. கோயிலுக்குப் போகச் சொல்லி எழுதல."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினதே நான்தான்."

அவன் சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. படிவத்தை வாங்கி மறுபடியும் அந்த வரியைப் பார்த்தான்.

"சரி. அப்ப செவ்வரளியக் கணக்குல எடுத்துக்க வேணாம்" என்றான். தம்பி மனைவி முகம் உடனே மாறியது. பேனா எடுக்க உள்ளே போனாள்.

"ஆனா ஒண்ணு கேக்கணும் அக்கா. சாமிகிட்ட ஏன் போனோம் தெரியுமா? உங்கிட்டக் கேக்க முடியல. நோட்டீஸ் குடுக்க வந்த ஆளை எத்தனை கேள்வி கேட்ட! ரெண்டு ரூவா கத்திரிக்காய்க்கு நாலு கேள்வி கேப்ப. இந்த ஆஸ்பத்திரி விஷயம் ஆரம்பிச்சதுலேர்ந்து நீ எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. நல்லதுன்னும் சொல்லல, கெட்டதுன்னும் சொல்லல. எனக்கு அதான் பயமாப் போச்சு."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நான் டிஷ்யூ கல்ச்சர் வாழைக்கன்னு வாங்கின கதை தெரியும்ல உனக்கு. முதல் வருஷம் கம்பெனிக்காரன் சும்மாதான் குடுத்தான். அப்பவும் நீ, எதுக்குடா சும்மா குடுக்கிறான்னு கேட்டுட்டு வான்னு சொன்ன. நான் கேக்கல. அப்புறம் தோட்டம் பூரா அவன் கன்னுதான், அவன் சொல்றதுதான் விலை. அதனால கேக்கிறேன். அந்தக் குழுவுல உக்கார்றவ நீ. இதுல கேக்க வேண்டியதையெல்லாம் கேட்டுட்டியா? கேட்டுட்டேன்னு சொல்லு, இப்பவே போடுறேன். நான் படிக்கக்கூட வேணாம்."

தம்பி மனைவி பேனாவோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்தாள். கண்ணால் கெஞ்சினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அந்தப் பதில். எனக்கும் அவன் கால் அசைய வேண்டும். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அவன் முதல் முதலில் நடந்தது என் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

"கேக்கல" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், துண்டுத்தாள், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, ஜூலை.

"அப்ப எனக்கு உப்புத்தண்ணி வந்துச்சுன்னா, எங்கிட்ட எடுத்தது யாருகிட்டப் போகும்னு தெரியாது."

"தெரியாது."

"எனக்கு மட்டுமில்ல. சேர்ற எல்லாருக்கும்."

"ஆமா."

"போய்க் கேட்டுட்டு வா."

"அதுக்கு அக்டோபர் ஆயிடும்டா. உனக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. இது பெரிய விஷயம் இல்லாமகூடப் போகலாம். போட்டுடு. நான் அப்புறம் கேக்கிறேன்." சொல்லும்போதே என் வாயிலிருந்து மண்டிக்காரரின் குரல் வருவது எனக்குக் கேட்டது.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்வியேக்கா" என்றான். கோபமே இல்லை அவன் குரலில். படிவத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தோட்டத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அவனைக் கெஞ்சினேன். திட்டினேன். சாப்பிடாமல் உட்கார்ந்தேன். அவன் எங்கள் அப்பாவின் பிடிவாதத்தில் பாதியை எடுத்துக்கொண்டு பிறந்தவன், மீதி என்னிடம் இருக்கிறது. தம்பி மனைவி என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் கிளம்பியபோது கை அசைக்கவில்லை.

அந்த ஒன்பது நாளும் நான் சும்மா இல்லை. தலைவரைப் பார்த்தேன், டாக்டரைப் பார்த்தேன், கம்பெனிக்கு எழுத வைத்தேன். டாக்டர் என் எதிரிலேயே போன் போட்டார். யாரோ ஒருவர் இந்தியும் இங்கிலீஷும் கலந்து, சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார். டாக்டருக்கு என்மேல் வருத்தம். "ஜனவரியில கேட்டதை ஏப்ரல்லயோ ஜூலையிலயோ ஒரு தடவ ஞாபகப்படுத்தியிருந்தா அப்பவே பிடிச்சு வாங்கியிருப்பேன் மேடம். எனக்கு இருந்த வேலையில விட்டுப் போச்சு. நீங்க விட மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். நான் அவரையும் அத்தனை மாதம் சந்தேகப்பட்டிருந்தேன். புளி ஒட்டியது அவர் கை இல்லை.

ஒன்பதாம் நாள் போனது. பத்தாம் நாளும் போனது.

கடிதம் அக்டோபர் கூட்டத்துக்கு வந்தது. செலுத்தப்படாத செல்கள் நிறுவனத்தின் உடைமை, நிறுவனம் விரும்பிய எந்தப் பயன்பாட்டுக்கும், எவ்வளவு காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். மறைக்கவே இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இந்த முறை நான் எழுந்து வெளியே போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது. என் தம்பிக்கு இனி இதில் சம்பந்தம் இல்லை. உள்ளே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினேன். கடைசியில் குழு ஒரு முடிவுக்கு வந்தது. மிஞ்சியதை வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிட வேண்டுமா என்று ஒவ்வொரு நோயாளியிடமும் தனியாகக் கேட்டுத் தனிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஏற்கெனவே சேர்ந்தவர்களிடமும் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். கம்பெனி ஒரு வாரத்தில் ஒப்புக்கொண்டது. அத்தனை சுலபமாக முடிகிற விஷயம் அது. பூக்கட்டும் வரியையும் நானே அடித்துவிட்டேன்.

அந்த ஊசி வேலை செய்யுமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முடிவு வர இன்னும் வருடங்கள் ஆகும் என்கிறார்கள். தம்பிக்குச் செல் விழுந்திருக்குமா, உப்புத்தண்ணீர் விழுந்திருக்குமா, அதுவும் தெரியாது. இதைச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள முயல்வது உண்டு. எனக்கு வருகிற சமாதானத்தையும் நான் தட்டைத் தூக்கித்தான் பார்க்கிறேன்.

கம்பெனி ஒப்புக்கொண்ட அன்று சாயங்காலம் தொட்டியத்துக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "நல்லதுக்கா. சேர்ந்தவங்களுக்காவது ஆச்சு" என்றான் தம்பி. தன்னைக் கட்டிலில் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் என்று சொல்லிப் போனை மனைவியிடம் கொடுத்தான். அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே வாசலுக்கு வந்திருக்க வேண்டும், பஸ் போகிற சத்தம் கேட்டது. ஆகஸ்டுக்குப் பிறகு அவள் என்னோடு பேசியது அன்றைக்குத்தான்.

"உங்க கேள்விக்குப் பதில் வந்துடுச்சுல்ல அண்ணி."

"வந்துடுச்சும்மா."

"அன்னிக்கு நான் பேனாவோட நின்னேன். கேட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நீங்க சொன்னா அவரு நம்பியிருப்பாரு."

அழவில்லை அவள். அவனைப் புரட்டிப் படுக்க வைக்க நேரமாகிறது என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நம்பியிருப்பான். அது அன்றைக்கு அவள் பேனாவோடு நின்றபோதே எனக்குத் தெரியும். ஊரில் எல்லோரையும் சந்தேகப்படுகிற என்னை, உலகத்தில் சந்தேகமே படாத ஒரே ஆள் அவன்தான்.